மலைப்பாதையில் சைக்கிள்: கையுறை ஏன் அவசியம்? எப்படித் தேர்வு செய்வது, எப்படித் துவைப்பது?

சைக்கிளில் இருந்து விழும்போது எல்லோரும் ஒரே வேலையைத்தான் செய்கிறோம். சட்டென்று கையை நீட்டித் தரையில் ஊன்றுகிறோம். யோசித்து எடுக்கும் முடிவு இல்லை இது. முகத்தையும் தலையையும் காப்பாற்ற உடம்பு தானாகவே கையை முன்னால் அனுப்பிவிடுகிறது. தார்ச்சாலையில் விழுந்தாலே உள்ளங்கைத் தோல் உரிந்துவிடும். சரளைக் கல்லும் மரவேரும் நிறைந்த மலைப்பாதையில் விழுந்தால் கேட்கவே வேண்டாம்.

உள்ளங்கையில் சிராய்ப்பு என்பது கேட்பதற்குச் சின்ன விஷயம்தான். ஆனால் காயம் ஆறும் வரை சோறு பிசைய முடியாது, துணி பிழிய முடியாது, வண்டி ஆக்சிலரேட்டரைத் திருக முடியாது. தையல், சமையல், டெலிவரி, மெக்கானிக் என்று கையை நம்பிப் பிழைப்பவர்களுக்கு அத்தனை நாள் வருமானமே நின்றுவிடும்.

கொல்லிமலை, ஏற்காடு, ஏலகிரி, வால்பாறை, ஊட்டி என வார இறுதியில் மவுண்டன் பைக்கோடு கிளம்புகிறவர்களை இப்போது அடிக்கடி பார்க்க முடிகிறது. சைக்கிளுக்குப் பல ஆயிரம் செலவு செய்கிறார்கள். ஹெல்மெட்டும் வாங்கிவிடுகிறார்கள். கையுறை மட்டும் 'அப்புறம் பாத்துக்கலாம்' பட்டியலில் போய்விடுகிறது. இல்லையென்றால் சைக்கிள் கலருக்கு மேட்சாக இருக்கிறதா என்று மட்டும் பார்த்து வாங்கப்படுகிறது.

கையுறை என்ன செய்யும், என்ன செய்யாது? எதைப் பார்த்து வாங்க வேண்டும்? வாங்கிய பிறகு எப்படி வைத்துக்கொள்ள வேண்டும்? ஒவ்வொன்றாகப் பார்க்கலாம்.

கையுறை செய்யும் வேலை என்ன?

முதல் வேலை, தோலைக் காப்பது. விழும்போது உள்ளங்கை தரையில் உரசிக்கொண்டு போகும். அந்த உராய்வைத் தோலுக்குப் பதிலாகக் கையுறை வாங்கிக்கொள்கிறது. கையுறை கிழியலாம். கை தப்பிக்கும்.

இரண்டாவது வேலை, பிடிமானம். விழாமலே ஓட்டுகிறவர்களுக்கும் இது முக்கியம். நம் ஊர் வெயிலில் ஏற்றத்தில் அரைமணி நேரம் மிதித்தாலே உள்ளங்கை வியர்த்துவிடும். இறக்கத்தில் ஹேண்டில்பார் குலுங்கும்போது வியர்த்த கை கிரிப்பில் வழுக்கும். வழுக்காமல் இருக்க நாம் இன்னும் இறுக்கிப் பிடிப்போம். இறுக்கிப் பிடித்தால் முன்கை சீக்கிரம் களைத்துவிடும். களைத்த கைக்கு பிரேக்கை அழுத்தத் தெம்பு இருக்காது. கொல்லிமலைச் சாலையில் 70 கொண்டை ஊசி வளைவுகள், வால்பாறைச் சாலையில் 40, ஊட்டியிலிருந்து மசினகுடி இறங்கும் கல்லட்டிச் சாலையில் 36. இப்படிப்பட்ட இறக்கங்களில் கடைசி வளைவு வரைக்கும் விரலில் வலு மிச்சம் இருக்க வேண்டும்.

மூன்றாவது வேலை, கொப்புளம் வராமல் தடுப்பது. ரப்பர் கிரிப்பும் வியர்த்த தோலும் மணிக்கணக்கில் உரசினால் விரல் அடியில் கொப்புளம் வரும், நாளடைவில் தோல் காய்த்துப்போகும்.

நான்காவது, விரல்களின் மேல்புறத்தைக் காப்பது. ஒற்றையடிப் பாதையில் இரண்டு பக்கமும் செடிகள் நெருங்கி நிற்கும். நீலகிரியில் எங்கு பார்த்தாலும் மண்டிக் கிடக்கும் உண்ணிச்செடியின் முள் ஹேண்டில்பார் உயரத்தில்தான் கையைக் கீறும்.

இந்த விளையாட்டு தொடங்கிய காலத்திலேயே கையுறையும் வந்துவிட்டது. அமெரிக்காவின் கலிஃபோர்னியாவில், டமால்பயஸ் மலையை ஒட்டிய மரின் கவுண்டியில் 1970களில் சில இளைஞர்கள் பழைய கனத்த சைக்கிள்களை மண்பாதையில் வேகமாக இறக்கி விளையாடினார்கள். 1976 அக்டோபர் 21 அன்று ஃபேர்ஃபாக்ஸ் என்ற ஊருக்கு அருகே நடந்த 'ரீபேக்' பந்தயம்தான் நவீன மவுண்டன் பைக் போட்டிகளின் தொடக்கமாகச் சொல்லப்படுகிறது. ஒரு தடவை இறங்கினாலே பிரேக் சூட்டில் பின்சக்கரத்து ஹப்பில் இருந்த கிரீஸ் எரிந்துபோகும், மறுபடியும் கிரீஸ் அடைக்க வேண்டும். அதனால்தான் அந்தப் பெயர். ஜீன்ஸ், பூட்ஸ், வேலைக்குப் போடும் தோல் கையுறை, இவ்வளவுதான் அப்போதைய பாதுகாப்பு. 1996 அட்லாண்டா ஒலிம்பிக்கில் மவுண்டன் பைக் முதன்முதலில் சேர்க்கப்பட்டபோது நிலைமை வெகுவாக மாறியிருந்தது.

எலும்பு முறிவைத் தடுக்குமா?

தடுக்காது. இதைத் தெளிவாகத் தெரிந்துகொள்வது முக்கியம்.

கையை ஊன்றி விழும்போது உடம்பின் மொத்த எடையும் உள்ளங்கை வழியாக மணிக்கட்டுக்குப் போகிறது. இதில் அதிகம் அடிபடுவது இரண்டு இடங்கள். ஒன்று, முன்கை எலும்பின் மணிக்கட்டுப் பக்க முனை. இன்னொன்று, கட்டைவிரலுக்குக் கீழே மணிக்கட்டில் இருக்கும் ஸ்கேஃபாய்டு என்ற சின்ன எலும்பு. சாதாரண மவுண்டன் பைக் கையுறையில் மணிக்கட்டை மடங்காமல் பிடித்துவைக்கும் எந்த அமைப்பும் கிடையாது.

ஸ்கேஃபாய்டு விஷயத்தில் கூடுதல் கவனம் தேவை. இந்த எலும்பில் விரிசல் விழுந்தால் முதல் நாள் எடுக்கும் எக்ஸ்ரேயில் தெரியாமல் போகலாம். 'சுளுக்குதான்' என்று எண்ணெய் போட்டு உருவிவிட்டு வேலைக்குப் போகிறவர்கள் உண்டு. இந்த எலும்பின் ஒரு பகுதிக்கு ரத்த ஓட்டம் குறைவு. சரியான நேரத்தில் சிகிச்சை கிடைக்காவிட்டால் எலும்பு கூடாமலே போய், பிற்காலத்தில் மணிக்கட்டு மூட்டு தேய்மானம் வரை கொண்டுபோய் விடும்.

கட்டைவிரலை நன்றாக விரித்து நீட்டினால் அதன் அடியில், மணிக்கட்டுப் பக்கம் ஒரு சின்னக் குழி தெரியும். விழுந்த பிறகு அந்தக் குழியை அழுத்தும்போது வலித்தால், வீக்கம் குறைவாக இருந்தாலும் எலும்பு மூட்டு மருத்துவரைப் பார்த்துவிடுவது நல்லது. கையுறை போட்டிருந்தோம், தோலில் கீறல்கூட இல்லை என்பதால் உள்ளேயும் ஒன்றும் ஆகவில்லை என்று நினைத்துவிடக் கூடாது.

அரைவிரலா, முழுவிரலா?

சைக்கிள் கடையில் இரண்டு வகையும் பக்கத்துப் பக்கத்தில் தொங்கும். அரைவிரல் கையுறை தார்ச்சாலையில் ஓட்டுகிறவர்களுக்கானது. காற்றோட்டம் அதிகம், சட்டென்று கழற்றலாம்.

மலைப்பாதைக்கு முழுவிரல்தான் சரி. விழும்போது உள்ளங்கையோடு விரல் நுனிகளும் தரையில் தேயும். முள்ளும் கிளையும் அடிப்பது விரல் முட்டிகளில். அதோடு, மவுண்டன் பைக்கில் பெரும்பாலும் ஆள்காட்டி விரல் ஒன்றைத்தான் பிரேக் லிவரில் வைப்பார்கள், மற்ற மூன்று விரல்களும் கிரிப்பைப் பிடித்திருக்கும். அந்த ஒற்றை விரல் மழையிலோ வியர்வையிலோ லிவரில் வழுக்கக் கூடாது. அதற்காகத்தான் நல்ல கையுறைகளில் ஆள்காட்டி விரல் நுனியில் சிலிக்கான் கோடுகளோ புள்ளிகளோ அச்சிடப்பட்டிருக்கும். வாங்கும்போது அது இருக்கிறதா என்று பாருங்கள்.

பீச் ரோட்டில் காலையில் மிதிக்க மட்டும்தான் கையுறை என்றால் அரைவிரலே போதும். அதற்கு முழுவிரல் வாங்கிப் போட்டுக்கொண்டு வியர்வையில் நனைய வேண்டியதில்லை.

மெத்தை அதிகம் இருந்தால் நல்லதா?

'ஜெல் பேடிங்' என்று அட்டையில் பெரிதாக எழுதியிருந்தால் உடனே கை அதை நோக்கிப் போகும். பலரும் ஏமாறும் இடம் இதுதான்.

உள்ளங்கையில் கனமான மெத்தை இருந்தால், ஹேண்டில்பார் கிரிப் அந்த அளவுக்குத் தடிமனான மாதிரி ஆகிவிடுகிறது. தடித்த ஒன்றைப் பிடிக்க விரல்கள் அதிகம் உழைக்க வேண்டும், முன்கை சீக்கிரம் கடுக்கும். மெத்தை கைக்குள் நகர்ந்து மடிந்தால் அந்த மடிப்பே உறுத்தும். பாதையில் டயர் எப்படிப் பிடிக்கிறது என்பது ஹேண்டில்பார் வழியாகத்தான் கைக்குத் தெரியும். மெத்தை அதை மங்கலாக்கிவிடும். அதனால்தான் அனுபவமுள்ள பலர் ஒற்றை அடுக்குத் துணி மட்டும் உள்ள மெல்லிய கையுறையைத் தேடி வாங்குகிறார்கள்.

'ஆனா எனக்கு விரல் மரத்துப்போகுதே, மெத்தை இருந்தா நல்லதுதானே?' என்று கேட்கலாம். நியாயமான கேள்விதான். ஆனால் எந்த விரல் மரத்துப்போகிறது என்று முதலில் கவனியுங்கள்.

சுண்டுவிரலும் மோதிர விரலும் மரத்துப்போனால், அல்னார் நரம்பு அழுத்தப்படுகிறது. இந்த நரம்பு உள்ளங்கையின் சுண்டுவிரல் பக்க அடிமேட்டின் வழியாக, கயோன் கால்வாய் என்ற குறுகிய பாதையில் போகிறது. ஹேண்டில்பாரில் உடம்பு எடையைச் சாய்க்கும்போது நேராக அந்த இடத்தில்தான் அழுத்தம் விழும். மருத்துவத்தில் இதற்கு 'ஹேண்டில்பார் பால்ஸி' என்றே ஒரு பெயர் உண்டு.

கட்டைவிரல், ஆள்காட்டி விரல், நடுவிரல் மரத்துப்போனால் மீடியன் நரம்பின் பிரச்சினை. மணிக்கட்டை மேல்நோக்கி மடித்தபடியே நெடுநேரம் பிடிப்பது இதற்கு ஒரு காரணம்.

இரண்டுக்குமே முதல் மருந்து சைக்கிளைச் சரியாகச் செட் செய்வதுதான். சீட்டின் மூக்கு கீழ்நோக்கிச் சாய்ந்திருந்தால் உடம்பு முன்னால் சரிந்து எடை முழுக்கக் கையில் இறங்கும். பிரேக் லிவரின் கோணம் சரியில்லை என்றால் மணிக்கட்டு மடங்கியே இருக்கும். முன்கை, மணிக்கட்டு, விரல் மூன்றும் ஏறக்குறைய ஒரே நேர்கோட்டில் இருக்கும்படி லிவரைத் திருப்பி வைக்க ஒரு ஆலன் கீ போதும். இதையெல்லாம் சரிசெய்த பிறகும் சுண்டுவிரல் பக்கம் அழுத்தினால், அந்த அடிமேட்டில் மட்டும் மெல்லிய மெத்தை உள்ள கையுறையை எடுக்கலாம். சைக்கிளை விட்டு இறங்கிய பிறகும் மரப்பு போகவில்லை, பட்டன் போடவோ பேனா பிடிக்கவோ தடுமாற்றம் என்றால் மருத்துவரிடம் போய்விட வேண்டும்.

என்ன துணி, எந்தப் பக்கம்?

உள்ளங்கைப் பக்கம் பெரும்பாலான கையுறைகளில் செயற்கைத் தோல்தான் இருக்கும். இது மெல்லியது, சீக்கிரம் காயும், வாஷிங் மெஷினில் போடலாம். வெயில் காலத்துக்கான கையுறைகளில் இந்தத் தோலில் ஊசித்துளைகள் போட்டிருப்பார்கள். அசல் ஆட்டுத்தோல் கையுறை உரசலை நன்றாகத் தாங்கும், போடப் போடக் கைக்கு ஏற்றபடி படிந்துவிடும். ஆனால் பராமரிப்பு அதிகம். நனைந்த தோலை வெயிலில் போட்டால் என்ன ஆகும் என்று ஆம்பூர், வாணியம்பாடி பக்கத்து ஆட்களுக்குச் சொல்லித்தர வேண்டியதில்லை. விறைத்து அப்பளம் மாதிரி ஆகிவிடும்.

உள்ளங்கையில் தையல் குறைவாக இருக்க வேண்டும். தையல் கோடு சரியாகக் கிரிப்பைப் பிடிக்கும் இடத்தில் வந்தால் அது கொப்புளத்துக்கு வழி. கட்டைவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவே உள்ள வளைவுதான் முதலில் தேயும் இடம். அங்கே இரட்டைத் துணி வைத்துத் தைத்திருந்தால் நல்லது.

மேல்புறத்தில் வலைத்துணியோ இழுவைத்துணியோ இருக்கும். நம் ஊருக்குக் காற்றோட்டமான வலைத்துணி ஏற்றது. கட்டைவிரலின் மேல்பக்கத்தில் டர்க்கி டவல் மாதிரி ஒரு துண்டு வைத்திருப்பார்கள். நெற்றி வியர்வையையும் மூக்கையும் துடைக்கத்தான் அது. தேவையில்லாதது போலத் தெரியும், ஏற்றத்தில் கண்ணுக்குள் வியர்வை இறங்கும்போது அதன் அருமை தெரியும்.

மணிக்கட்டில் வெல்க்ரோ பட்டை இருக்கலாம், இல்லாமல் இழுத்துப் போடும் வகையாகவும் இருக்கலாம். இரண்டும் சரியே. வெல்க்ரோ இருந்தால் இறுக்கத்தைக் கூட்டிக் குறைக்கலாம். இல்லாத வகையில் கெட்டுப்போக ஒரு பாகம் குறைவு.

விரல் முட்டிக்குக் கவசம் தேவையா?

சில கையுறைகளில் விரல் முட்டிகளின் மேல் ரப்பர் பட்டை ஒட்டியிருக்கும். சிலவற்றில் டி3ஓ போன்ற பொருள் வைத்திருப்பார்கள். சாதாரணமாகத் தொட்டால் மெத்தென்று வளையும், வேகமாக அடிபட்டால் அந்தக் கணத்தில் இறுகி அடியைப் பரப்பிவிடும். சோளமாவைக் கொஞ்சம் தண்ணீரில் கெட்டியாகக் கரைத்து மெதுவாக விரலை விட்டால் இறங்கும், ஓங்கிக் குத்தினால் இறங்காது. ஏறக்குறைய அதே தத்துவம்தான்.

மரங்களுக்கு இடையே நெருக்கமான பாதையில் ஓட்டுகிறவர்களுக்கும், டவுன்ஹில் எனப்படும் வேக இறக்கத்தில் ஈடுபடுகிறவர்களுக்கும் இது பயன்படும். ஹேண்டில்பாரின் முனை மரத்தை உரசிக்கொண்டு போகும்போது முதலில் அடிபடுவது சுண்டுவிரல் முட்டிதான். சாதாரண மண்ரோட்டில் ஓட்டுகிறவர்களுக்கு இந்தக் கவசம் கட்டாயமில்லை. கூடுதல் எடை, கூடுதல் சூடு.

வீட்டில் இருக்கும் மோட்டார் பைக் கையுறை போதாதா?

பலருக்கும் வரும் யோசனைதான். மோட்டார் பைக் கையுறைக்கு ஐரோப்பாவில் இ.என். 13594 என்று தனித் தரநிலையே இருக்கிறது. உராய்வு, கிழிசல் என்று கடுமையான சோதனைகளைத் தாண்டி வரும் கையுறை அது. பாதுகாப்பு என்று பார்த்தால் சைக்கிள் கையுறையைவிட மேல்.

ஆனால் மோட்டார் பைக்கில் நாம் உட்கார்ந்து போகிறோம், என்ஜின் வேலை செய்கிறது. சைக்கிளில் நாம்தான் என்ஜின். அந்தக் கனமான கையுறைக்குள் கை வெந்துவிடும். தடிமனான விரலோடு சின்ன கியர் லிவரைத் தள்ளுவதும், பிரேக்கை எவ்வளவு அழுத்துகிறோம் என்று உணர்வதும் கஷ்டம். கட்டட வேலைக்கான ரப்பர் பூச்சுக் கையுறையிலும் காற்றோட்டம் இல்லாத சிக்கல் உண்டு. அவசரத்துக்கு வெறும் கையைவிடத் தேவலாம், அவ்வளவுதான்.

அளவு எடுப்பது எப்படி?

'அண்ணே, எனக்கு டிஷர்ட்டே எம் சைஸ்தான், எம் குடுங்க' என்று கேட்டு வாங்கினால் பாதி நேரம் தப்பாகிவிடும். டிஷர்ட் அளவுக்கும் கை அளவுக்கும் சம்பந்தமில்லை.

தையல்காரர் டேப் ஒன்றை எடுங்கள். கட்டைவிரலை விட்டுவிட்டு, மற்ற நான்கு விரல்களின் அடிமுட்டிகளைச் சுற்றி, உள்ளங்கையின் அகலமான இடத்தில் சுற்றளவை எடுங்கள். வலது கை பழக்கம் என்றால் வலது கையில் எடுங்கள், பழகிய கை கொஞ்சம் பெரிதாக இருக்கும். பிறகு நடுவிரல் நுனியில் இருந்து மணிக்கட்டு ரேகை வரை நீளத்தை எடுங்கள்.

ஐரோப்பியக் கையுறை அளவுகளில் 7, 8, 9 என்ற எண்கள் கிட்டத்தட்ட அங்குலத்தில் உள்ளங்கைச் சுற்றளவைத்தான் குறிக்கின்றன. 8 என்றால் சுற்றளவு 203 மில்லிமீட்டர், அதாவது 8 அங்குலம், கை நீளம் 182 மில்லிமீட்டர். 9 என்றால் 229 மற்றும் 192 மில்லிமீட்டர். ஆனால் சைக்கிள் பிராண்டுகள் எஸ், எம், எல் எழுத்துகளை இந்த எண்களோடு ஒரே மாதிரி இணைப்பதில்லை. ஒரு பிராண்டின் எம் இன்னொரு பிராண்டின் எல்லுக்குச் சமமாக இருக்கலாம். அதனால் ஆன்லைனில் வாங்கினால் அந்த பிராண்டின் அளவு அட்டவணையைப் பார்த்தே ஆக வேண்டும். இரண்டு அளவுகளுக்கு நடுவே வந்தால், விரல் நீளமானவர்கள் பெரியதை எடுக்கலாம்.

பெண்களுக்கான கையுறைகளில் உள்ளங்கை அகலம் குறைவாக இருக்கும். ஒல்லியான கை உள்ள ஆண்களும் அதைப் போட்டுப் பார்க்கலாம், தப்பில்லை. குழந்தைகளுக்கு 'வளர்ற பிள்ளைதானே' என்று பெரிய சைஸ் வாங்காதீர்கள். ஸ்கூல் யூனிஃபார்மில் சரிப்படும் கணக்கு இங்கே சரிப்படாது. விரல் நுனியில் தொங்கும் துணி பிரேக் லிவரில் மாட்டிக்கொள்ளும்.

கடையில் போட்டுப் பார்க்கும்போது கவனிக்க வேண்டியவை

• கையை விரித்துப் பார்ப்பதோடு நிறுத்தாதீர்கள். கடையில் நிற்கும் ஒரு சைக்கிளின் ஹேண்டில்பாரைப் பிடித்துப் பாருங்கள்.

• பிடிக்கும்போது உள்ளங்கையில் துணி சுருண்டு மடிகிறதா? மடிந்தால் அளவு பெரிது, அல்லது அந்த வெட்டு உங்கள் கைக்குப் பொருந்தவில்லை.

• விரல் இடுக்குகளில் இழுத்துப் பிடிக்கிறதா? நுனியில் விரல் முட்டுகிறதா? அப்படியென்றால் சிறியது.

• ஆள்காட்டி விரலால் பிரேக் லிவரைப் பத்துத் தடவை அழுத்தி விடுங்கள். நகத்தடியில் தையல் உறுத்துகிறதா என்று தெரிந்துவிடும்.

• கையுறையோடு போன் திரையைத் தொட்டுப் பாருங்கள். நம் விரலில் உள்ள மின்கடத்தும் தன்மையை வைத்துத்தான் போன் திரை வேலை செய்கிறது. அதனால் விரல் நுனியில் மின்கடத்தும் இழை இருந்தால்தான் திரை கேட்கும். அந்தத் தன்மை தேயத் தேயக் குறையும். எப்படியானாலும் போனை நின்றுதான் பார்க்க வேண்டும்.

வெயில், குளிர், மழை: ஒரே கையுறை போதுமா?

சென்னை, திருச்சி, மதுரைக்கு மெல்லிய, காற்றோட்டமான கையுறை ஒன்று போதும். ஊட்டி, கொடைக்கானல் கதை வேறு. டிசம்பர், ஜனவரியில் ஊட்டியில் புல்வெளி மேல் உறைபனி படியும். அந்தக் காலை நேரத்தில் சைக்கிளில் இறங்கும்போது எதிர்க்காற்று விரல் சூட்டை இன்னும் வேகமாகப் பறித்துக்கொண்டு போகும். விறைத்துப்போன விரலுக்கு பிரேக் எவ்வளவு அழுத்துகிறோம் என்றே தெரியாது, அழுத்துவதும் தாமதமாகும். வளைவில் அந்தத் தாமதம் போதும், பாதையை விட்டு வெளியே போக.

ஏறும்போது மெல்லிய கையுறை, இறங்கும்போது காற்றைத் தடுக்கும் சற்றுக் கனமான கையுறை என இரண்டு ஜோடி வைத்துக்கொள்வது எளிய வழி. ஏறும்போது வியர்த்த கையுறையோடே இறங்கினால் ஈரத் துணி கையை இன்னும் குளிர வைக்கும்.

மழைக்காலத்தில் முழு வாட்டர்புரூஃப் கையுறை நம் ஊருக்கு அவ்வளவாக ஒத்துவராது. வெளித் தண்ணீர் உள்ளே வராது, உள்ளே இருக்கும் வியர்வையும் வெளியே போகாது. நனைந்தாலும் வழுக்காத, சீக்கிரம் காயும் கையுறை மேல்.

துவைப்பது எப்படி?

வியர்வைக்குத் தனியாகப் பெரிய நாற்றம் கிடையாது. அதில் வளரும் பாக்டீரியாதான் நாற்றத்துக்குக் காரணம். ஓட்டி முடித்ததும் கையுறையைச் சுருட்டி ஹெல்மெட்டுக்குள் திணித்து, பைக்குள் போட்டு, அடுத்த ஞாயிற்றுக்கிழமை எடுத்தால் அது என்ன வாசம் அடிக்கும் என்று சொல்ல வேண்டியதில்லை. காய்ந்த வியர்வை உப்பு துணியை விறைக்க வைக்கும், தையல் நூலையும் பாதிக்கும்.

கழற்றும்போதே கவனம் தேவை. ஒரு விரலை மட்டும் பிடித்து வெடுக்கென்று இழுத்தால் விரல் இடுக்குத் தையல் விட்டுவிடும். ஒவ்வொரு விரலையும் கொஞ்சம் கொஞ்சமாகத் தளர்த்திவிட்டு, மணிக்கட்டுப் பக்கமிருந்து உருவுங்கள்.

கையில் போட்டபடியே துவைப்பது எளிய முறை. குழாயடியில் நனைத்து, மிதமான சோப்புத் திரவத்தைத் தேய்த்து, சோப்புப் போட்டுக் கை கழுவுவது போலவே தேய்த்துக் கழுவுங்கள். நுரை போகும் வரை அலசி, கழற்றி, உள்பக்கத்தையும் அலசுங்கள்.

மெஷினில் போடுவதென்றால் உள்ளே இருக்கும் லேபிளை முதலில் பாருங்கள். அனுமதி இருந்தால், வெல்க்ரோவை மூடி ஒட்டிவிட்டு வலைப்பைக்குள் போட்டு, குளிர்ந்த நீரில் அல்லது 30 டிகிரிக்கு மேல் போகாத வெப்பத்தில் மென்மையான சுழற்சியில் துவையுங்கள். வெல்க்ரோவைத் திறந்தபடி போட்டால் அதன் கொக்கிகள் துணியைப் பிராண்டி நூல் நூலாக்கிவிடும்.

செய்யக் கூடாதவை நான்கு:

• பிளீச் வேண்டாம். துணியையும் இலாஸ்டிக்கையும் அரித்துவிடும்.

• துணியை மென்மையாக்கும் வாசனைத் திரவம் வேண்டாம். அது இழைகள் மேல் படலமாகப் படிந்து வியர்வை உறிஞ்சும் தன்மையைக் கெடுக்கும்.

• முறுக்கிப் பிழிய வேண்டாம். ஒரு துண்டில் வைத்துச் சுருட்டி அழுத்தினால் போதும்.

• சூடான டிரையர், ஹீட்டர், அயர்ன் பாக்ஸ் வேண்டாம். ஜெல்லும் சிலிக்கான் அச்சும் செயற்கைத் தோலும் சூட்டைத் தாங்காது. உச்சி வெயிலும் வேண்டாம், நிழலில் காற்றோட்டமாகக் காயப்போடுங்கள்.

அசல் தோல் கையுறையை அடிக்கடி தண்ணீரில் முக்க வேண்டாம். ஈரத் துணியால் துடைத்து, நிழலில் காயவைத்து, தோலுக்கான கண்டிஷனர் கொஞ்சம் தடவினால் மென்மை போகாது.

நீலகிரி, வால்பாறை மாதிரி மழைக்காலத்தில் துணியே காயாத ஊர்களில் பூஞ்சை பெரிய தொல்லை. விரல்களுக்குள் பழைய செய்தித்தாளைச் சுருட்டித் திணித்து, ஈரமானதும் மாற்றுங்கள். முழுக்கக் காயும் முன் பெட்டியில் மூடி வைக்காதீர்கள்.

ஆயில் பட்ட கையுறை: பிரேக்குக்கே ஆபத்து

பலரும் கவனிக்காத விஷயம் இது. வழியில் செயின் கழன்றுவிடும். போட்டிருக்கும் கையுறையோடே செயினை மாட்டுவோம். பிறகு அதே கையால் சக்கரத்தைக் கழற்றவோ மாட்டவோ செய்யும்போது டிஸ்க் பிரேக்கின் வட்டத் தகட்டில் கை படும்.

தகட்டில் ஆயில் பட்டால் அது பிரேக் பேடுக்குப் போகும். பேட் ஆயிலை உறிஞ்சிக்கொள்ளும். அதன் பிறகு பிரேக் பிடித்தால் கிறீச்சென்று சத்தம் வரும், சைக்கிள் நிற்காது. தகட்டை ஐசோபுரோபைல் ஆல்கஹாலால் துடைத்துச் சுத்தம் செய்துவிடலாம். ஆயில் ஊறிய பேடை மாற்றத்தான் வேண்டும். 36 வளைவு இறக்கத்தின் உச்சியில் நின்றுகொண்டு இதைக் கண்டுபிடிப்பது நல்ல அனுபவமாக இருக்காது.

தீர்வு ரொம்ப எளிது. டூல் பையில் ஒரு ஜோடி மெல்லிய மருத்துவக் கையுறையைப் போட்டு வையுங்கள். ரிப்பேர் வேலை வந்தால் அதை மாட்டிக்கொள்ளலாம். ஓட்டும் கையுறையில் ஆயில் பட்டுவிட்டால் பாத்திரம் கழுவும் திரவத்தை அந்த இடத்தில் தேய்த்துக் கொஞ்ச நேரம் ஊறவிட்டுத் துவைத்தால் பெரும்பாலும் போய்விடும். நீண்ட இறக்கம் முடிந்தவுடன் தகட்டைத் தொடவே வேண்டாம். கையைச் சுடும் அளவுக்குச் சூடாக இருக்கும்.

எப்போது மாற்ற வேண்டும்?

கையுறைக்குக் காலாவதித் தேதி கிடையாது. ஆனால் சில அறிகுறிகள் இருக்கின்றன. உள்ளங்கைத் துணியை வெளிச்சத்தில் பிடித்தால் சல்லடை மாதிரித் தெரிகிறதா? ஆள்காட்டி விரல் நுனி சிலிக்கான் தேய்ந்துவிட்டதா? விரல் இடுக்கில் தையல் விட்டிருக்கிறதா? துவைத்தும் நாற்றம் போகவில்லையா?

விட்ட தையலை வீட்டிலேயே தைத்துக்கொள்ளலாம். முடிச்சு வெளிப்பக்கம் இருக்க வேண்டும், உள்ளே இருந்தால் விரலை உறுத்தும். உள்ளங்கையே தேய்ந்து போயிருந்தால் புதிது வாங்குவதுதான் வழி. ஒரு தடவை பெரிதாக விழுந்து எழுந்தால், கையுறையை ஒருமுறை முழுக்கச் சோதித்துப் பார்த்துவிட்டுத்தான் மறுபடி போட வேண்டும்.

விழுந்துவிட்டால்?

கையுறையை இழுத்துப் பிடுங்காமல் மெதுவாகக் கழற்றுங்கள். மோதிரம் இருந்தால் வீங்குவதற்கு முன் கழற்றிவிடுங்கள். சிராய்ப்பை ஓடும் சுத்தமான தண்ணீரில் மண் போகும் வரை கழுவுங்கள். காப்பித்தூள், மஞ்சள்தூள் எதையும் காயத்தில் அப்ப வேண்டாம். கடைசியாக எப்போது டெட்டனஸ் ஊசி போட்டீர்கள் என்று மருத்துவரிடம் சொல்லுங்கள். மணிக்கட்டைத் திருப்ப முடியவில்லை, பிடி இறுகவில்லை, கட்டைவிரல் அடிக்குழியில் வலி என்றால் சைக்கிளைத் தள்ளிக்கொண்டு வருவதே நல்லது.

இன்னொரு விஷயம். காப்புக்காடுகளுக்குள் வனத்துறை அனுமதி இல்லாமல் நுழைவது சட்டப்படி குற்றம். அங்கே விழுந்தால் உதவிக்கு ஆள் வருவதும் கடினம். அனுமதி உள்ள பாதையில், துணைக்கு ஒருவரோடு, போகும் இடத்தை வீட்டில் சொல்லிவிட்டுப் போங்கள்.

கையுறை சில நூறு ரூபாயிலும் கிடைக்கிறது, சில ஆயிரம் ரூபாயிலும் கிடைக்கிறது. விலை அதிகமானதுதான் நல்லது என்று எந்தக் கட்டாயமும் இல்லை. கைக்குப் பொருந்துகிறதா, பிரேக் லிவரில் வழுக்காமல் நிற்கிறதா, வாராவாரம் துவைத்தால் தாங்குமா என்ற மூன்று கேள்விக்கும் 'ஆமாம்' வந்தால் அதை வாங்கலாம். ஞாயிற்றுக்கிழமை மலையில் விழுந்தாலும், திங்கட்கிழமை காலை அதே கையோடு வேலைக்குப் போக வேண்டும் இல்லையா?